ஜீன் எக்ஸ்பிரஷன்: மரபணு வெளிப்பாடு

உடலின் எந்த உயிரணுவை எடுத்தாலும் உள்ளே இருக்கும் மரபணுத் தொகுப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எல்லா மரபணுவும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. ஒரு மரபணுவில் உள்ள செய்தி ஆர்என்ஏ என்னும் நகலாகப் படியெடுக்கப்பட்டு, பெரும்பாலும் புரதமாகவும் ஆவதுதான் ஜீன் எக்ஸ்பிரஷன்.

‘ஜீன்’ 1909-இல் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யொஹான்சன் தந்த சொல். டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் வைத்திருந்த ‘பான்ஜீன்’ என்ற பெயரின் தலையை வெட்டிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார். ‘எக்ஸ்பிரஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. பிழிந்து வெளியே எடுப்பது என்பது வேர்ப்பொருள். தமிழில் மரபணு வெளிப்பாடு. இலங்கைப் பாடநூல்களில் ஜீன் என்பது பரம்பரையலகு. பொருளுக்கு அதுதான் நெருக்கம், ஆனாலும் ‘மரபணு’ என்ற சொல் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது, இருக்கட்டும். வெளிப்பாட்டையும் பிறழ்வையும் மட்டும் குழப்பக் கூடாது: பிறழ்வு என்பது மரபணுவின் எழுத்திலேயே நேர்ந்த மாற்றம், வெளிப்பாடு என்பது அது எவ்வளவு படிக்கப்படுகிறது என்ற அளவு.

கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயில் இந்த அளவு, நோய் எப்படிப் போகும் என்று கணிக்க உதவுகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் (அந்த ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) நன்றாக வெளிப்பட்டால் பொதுவாக நல்ல அறிகுறி. எல்1கேம் புரதம் மிகுந்தால் நோய் திரும்ப வரும் ஆபத்து கூடுதல். கட்டி வளராமல் தடுக்கும் பி53 புரதம் கொஞ்சம் விசித்திரம். சாயமேற்றிப் பார்க்கும்போது அது ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் அடர்த்தியாகத் தெரிந்தாலும் கெட்டது, அறவே தெரியாவிட்டாலும் கெட்டது. முதல் வகையில் மரபணு அதிகம் படிக்கப்படுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. பிறழ்ந்த புரதம் சிதையாமல் தேங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டிலும் அடியில் இருப்பது பிறழ்வுதான்.

2013-இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் திட்டம் 373 கட்டிகளை ஆராய்ந்து நான்கு மூலக்கூறு வகைகளைக் காட்டியது. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிக்கான பிஓஎல்இ மரபணுவில் பிறழ்வு உள்ள வகைக்கு விளைவு மிக நல்லது. பெரும்பாலும் பி53 கெட்டுப்போன வகைக்கு மிக மோசம். 2023-இல் மகளிர் நோய், மகப்பேறு மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிகோ, நோய்நிலைப் பிரிப்பிலும் இந்த வகைகளைச் சேர்த்துக்கொண்டது. மார்பகப் புற்றுநோயில் 21 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து மதிப்பெண் தரும் சோதனை வழக்கத்தில் இருக்கிறது; கருப்பை உட்சவ்வில் மருத்துவர்கள் இன்று பெரிதும் நம்புவது பிறழ்வுச் சோதனையையும் புரதச் சாயங்களையும்தான்.

அப்புறம், நோய் எப்படிப் போகும் என்று சொல்லும் ‘பிராக்னோஸிஸ்’ என்பதற்கு நோய்ப்போக்குக் கணிப்பு என்றே எழுதலாம். வெறும் ‘கணிப்பு’ என்றால், எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் வேறொரு கணிப்போடு கலந்துவிடும்.