லெமினேட் செய்தாலும் அது காணி உறுதி ஆகாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது. கொட்டகலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, சீலைப் பையிலிருந்து லெமினேட் செய்த தாளொன்றை எடுத்து என் சட்ட அலுவலக மேசையில் வைத்தார். பத்து பேர்ச் காணி, ஆறு இலட்சம் ரூபா, மகன் கட்டாரில் உழைத்து அனுப்பிய காசு. முத்திரைகளின் மேல் ஒப்பம், கீழே ஊதா மையில் ஒரு சீல்.

"ஜே.பி. ஐயாவே சீல் அடிச்சிருக்காருங்க. இப்ப வித்தவரோட அண்ணன் வேலி போட வுட மாட்டேங்கிறாரு."

ஜே.பி. என்றால் சமாதான நீதவான். நான் நீதவானாக இருந்தவன், அதனால் சொல்கிறேன்: பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது. அவர் வழக்கும் விசாரிக்க முடியாது, காணி உறுதியும், அதாவது கிரயப் பத்திரமும், எழுத முடியாது. இன்னார் தன் முன்னால் ஒப்பமிட்டார், அவ்வளவுதான் அந்தச் சீல். முத்திரை அரசுக்குக் கட்டும் வரி. நாலு ஒட்டினாலும் நாற்பது ஒட்டினாலும் காணி கைமாறாது. நொத்தாரிசும் (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதிய காணி விற்பனை செல்லாது என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இந்த மலையில் கோப்பி நட்ட காலத்துச் சட்டம், அந்த விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கறுப்புக் கோட்டு போட்ட எல்லாரும் நொத்தாரிசு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இதே மாதிரித் தாளை மூன்று நாற்காலிகளில் இருந்து பார்த்துவிட்டேன். சட்டமா அதிபர் திணைக்களத்தில் அது மோசடி வழக்கின் சான்று. விற்றவன் உள்ளே போனாலும் வாங்கியவருக்குக் காணி வரவில்லை. நீதவான் மன்றில், காணித் தகராறால் அமைதி குலையும் என்றால் பயன்படும் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸ் அதைக் கொண்டுவரும். அங்கே யார் கையில் காணி இருக்கிறது என்று மட்டுமே பார்க்கலாம், யாருக்குச் சொந்தம் என்று தீர்க்க முடியாது. அந்த மன்று கொடுத்த கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு "காணி நம்மளுது" என்று வெடி கொளுத்தியவர்களும் உண்டு. அவர்கள்தான் இப்போது என் அலுவலக பெஞ்சில்.

லயத்துக் காம்பராவை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையை, காசு கொடுத்து வாங்குகிறவர்களே, தயவுசெய்து நில்லுங்கள். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, கம்பனிக்குக் குத்தகைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். குடியிருப்பவர் எதை விற்பார்? தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம், பத்து வருடம் அனுபவித்தால் காணி சொந்தமாகும் என்ற கணக்கும் அரச காணியில் எடுபடாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் காணிப் பதிவகத்தில் தேடல் போடுங்கள். நொத்தாரிசை நீங்களே பிடியுங்கள், விற்பவர் கூட்டிவருபவர் வேண்டாம். சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். உறுதி முடிந்ததும் பதிந்தாயிற்றா என்று போய்ப் பாருங்கள். பிந்தி எழுதிய உறுதி முந்திப் பதிந்தால் உங்களுடையது பின்னுக்குப் போகலாம்.

அந்த அம்மாவுக்குக் காசையாவது திருப்பிக் கேட்டு நேற்றுக் கடிதம் அனுப்பினோம். அதற்கும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. தாளை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். கொடுக்க மனமில்லாமல், பையில் திரும்ப வைத்துக்கொண்டார்.