மலை இறக்கத்தில் முதலில் களைப்பது கை

கோடைகாலத் திங்கட்கிழமைகளில் என் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைப் பார்த்தாலே, வாரயிறுதியில் மலையில் வெயில் அடித்ததா, மழை பெய்ததா என்று சொல்லிவிடுவேன். வெயில் அடித்திருந்தால் நாற்காலிகள் போதாது. கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்ட கைகள், மாவுக்கட்டுப் போட்ட மணிக்கட்டுகள், காறை எலும்பு முறிந்த தோள்கள் என்று வரிசை நீளும்.

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், ரோன் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், கை மற்றும் தோள் காயங்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பது என் வேலை. இங்கிருந்து சற்று மேலே ஏறினால் ஷாம்பெரி என்ற ஊர். பிரான்ஸ் எல்லையைத் தாண்டி மோர்சின் வரை விரியும் போர்த் டு சொலெய் மலைப்பகுதியின் ஒரு வாசல் அது. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களை ஏற்றிச் செல்லும் ரோப் கார்கள், கோடையில் சைக்கிள்களை ஏற்றிச் செல்கின்றன. ஷாம்பெரி இருப்பது சுமார் 1,050 மீட்டர் உயரத்தில். ரோப் கார் சில நிமிடங்களில் 1,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டுவிடும். மிச்சமெல்லாம் இறக்கம்தான்.

அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று அறிய விரும்புபவர்கள் 2011 மலைச் சைக்கிள் உலக சாம்பியன் போட்டியின் காணொளியைப் பார்க்கலாம். இதே ஷாம்பெரியில், மழையில் சேறாகிப்போன செங்குத்துப் பாதையில், 19 வயது டானி ஹார்ட் 11 விநாடிக்கும் அதிக வித்தியாசத்தில் வென்றார். என்னிடம் வரும் இளைஞர்களில் அதைப் பார்க்காதவர் அரிது. அவருடைய துணிச்சலை எல்லோரும் வியக்கிறார்கள். நான் அவருடைய விரல்களைப் பார்க்கச் சொல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். எழுத அவரே சம்மதித்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். சென்னையிலிருந்து லோசானுக்கு மென்பொருள் வேலைக்கு வந்தவர். நண்பர்களோடு ஷாம்பெரிக்கு வந்து சைக்கிளை வாடகைக்கு எடுத்தார். இந்தியாவில் சைக்கிளானாலும் ஸ்கூட்டரானாலும் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் பெரும்பாலான சைக்கிள்களில் இது தலைகீழ்: இடது லீவர்தான் முன் சக்கரத்தைப் பிடிக்கும். கடைக்காரர் இதைக் காலையிலேயே சொல்லியிருந்தார். தம்பியும் ஐந்து இறக்கங்கள் வரை அதை நினைவில் வைத்தே ஓட்டினார். ஆறாவது இறக்கம், மாலை நான்கு மணிக்கு மேல். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், குறுக்கே ஓடிய ஈர வேர்களின் மேல் வேகம் மிஞ்சியது. கை களைத்து, மனம் பதறிய அந்தக் கணத்தில் பத்தாண்டு ஸ்கூட்டர் பழக்கம் முந்திக்கொண்டது. பின் பிரேக் என்று நினைத்து இடது லீவரை எல்லா விரல்களாலும் இறுக்கினார். முன் சக்கரம் பூட்டிக்கொள்ள, ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து உள்ளங்கையை ஊன்றி விழுந்தார்.

அவருக்குத் துணிச்சலும் இருந்தது, திறமையும் இருந்தது. முதலில் கைவிட்டது முன்கைத் தசைதான்.

ரோப் காரில் ஏறிப் போகும்போது கால் ஓய்வெடுக்கிறது, மூச்சு சீராகிறது; அதனால் களைப்பே இல்லை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் இறக்கத்தில் லீவரை விடாமல் பிடித்திருக்கும் முன்கைத் தசைகள் இடைவிடாது இறுகியே இருக்கின்றன. இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. தசை வீங்குகிறது, அதைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுப்பதில்லை. முன்கை கட்டைபோல் கெட்டியாகி, விரல்கள் மூடவும் மறுக்கும், திறக்கவும் மறுக்கும். ஒரு விரலால் பிடித்தவர் இரண்டு விரலுக்கு, மூன்று விரலுக்கு மாறுவதுதான் முதல் அறிகுறி. அதைக் கண்டால் பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டு உதறுங்கள். இரண்டு நிமிடம் நின்றவரை என் சிகிச்சை அறையில் நான் பார்க்க வேண்டி வருவதில்லை.

பிரேக்கின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ, 900 மீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால் இரண்டரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். மெதுவாகவும் செங்குத்தாகவும் இறங்கும்போது இதில் பெரும்பங்கு சக்கரங்களோடு சுழலும் மெல்லிய உலோகத் தட்டுகளான பிரேக் டிஸ்க்குகள் இரண்டில்தான் இறங்குகிறது. பயத்தில் மேலிருந்து கீழ்வரை பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருபவர்களுக்கு டிஸ்க் குளிர நேரமே கிடைப்பதில்லை. லீவரின் அழுத்தத்தை டிஸ்க்குக்குக் கடத்தும் பிரேக் திரவம் கொதித்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும்வரை வந்துவிடும்; பிடி இருக்காது. பாதை நேராகவும் தரை பிடிமானத்தோடும் இருக்கும் இடத்தில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வேர், ஈரப் பாறை, வளைவின் நடுப்பகுதி ஆகியவற்றில் விட்டுவிடுங்கள். டிஸ்க்கும் குளிரும், தசைக்கும் இரத்தம் போகும்.

வாடகைக் கடையிலேயே ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி லீவர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆட்காட்டி விரல் ஒன்று மட்டும் லீவரின் நுனியில் எட்டிப் பிடிக்காமல் அமர வேண்டும். அங்கே நெம்பும் பலம் அதிகம், உழைப்புக் குறைவு. சிறிய கை உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, லீவரை ஹேண்டில்பாருக்கு நெருக்கமாகக் கொண்டுவரத் திருகு உண்டு. கேட்டால்தான் செய்து தருவார்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

உடலின் எடை காலில் இருக்கட்டும். இருக்கையைத் தாழ்த்தி, பெடல்களைக் கிடைமட்டமாக வைத்து, குதிகாலைக் கீழே அழுத்தி நில்லுங்கள். பயம் வந்தால் உடல் தானாகப் பின்னுக்கு ஓடும். அப்போது கை நீண்டு விறைத்து, முன் சக்கரத்தில் பாரம் இல்லாமல் போய், அது வழுக்கிவிடும். பின்னால் சாய்வதைவிடத் தாழ்வாக இருப்பதே பாதுகாப்பு.

இனி விழுந்த பிறகு நடப்பது. எனக்கு அதிகம் மனம் நொந்துபோவது இந்த இடத்தில்தான். தம்பிக்கு மணிக்கட்டில் பெரிய வீக்கம் இல்லை. மந்தமான வலிதான். நண்பர்கள் சுளுக்கு என்றார்கள். தொலைபேசியில் அம்மா எண்ணெய் தடவி நீவச் சொன்னார். ஆறு வாரம் நீவினார். வலி போகாமல் மருத்துவரிடம் போனபோது, மணிக்கட்டின் ஸ்காபாய்டு எலும்பு நடுவில் முறிந்து, இணையாமல் கிடந்தது.

முந்திரிப்பருப்பின் அளவும் வடிவமும் கொண்ட இந்த எலும்பு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கிறது. இதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்தே நுழைகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகக்கூடும். கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்துங்கள். அதன் அடியில் இரண்டு நரம்புபோல் தெரியும் தசைநாண்களுக்கிடையே ஒரு குழி விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய குழி. உடற்கூற்றியலிலும் அதே பெயர்தான். விழுந்த பிறகு அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால் அது சுளுக்கு என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவது உண்டு. கட்டுப்போட்டு அசையாமல் வைத்து, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எக்ஸ்ரே, அல்லது முன்கூட்டியே எம்ஆர்ஐ எடுப்பது வழக்கம். அதுவரை எண்ணெயும் வேண்டாம், நீவலும் வேண்டாம்.

வேறு இரண்டு அடிகளையும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தினால், தோலில் கீறல்கூட இல்லாமல் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். தலையில் அடிபட்டு, குமட்டலோ குழப்பமோ இருந்தால் அன்று மறுபடி சைக்கிளில் ஏறவே கூடாது. அந்த ஹெல்மெட்டையும் மாற்றுங்கள். சுவிட்சர்லாந்தில் அவசர மருத்துவ உதவிக்கு 144, ஐரோப்பா முழுவதும் 112. ஹெலிகாப்டர் வரும்போது இரு கைகளையும் மேலே விரித்து உயர்த்தி நின்றால் உதவி வேண்டும் என்று பொருள். ஊரிலிருந்து சுற்றுலா வருபவர்கள் தங்கள் காப்பீட்டில் மலைச் சைக்கிளும் மீட்பு ஹெலிகாப்டரும் அடங்குமா என்று புறப்படும் முன்பே படித்துப் பார்த்துவிடுங்கள்.

தம்பிக்கு வேறிடத்திலிருந்து எலும்பு எடுத்து ஒட்டி, திருகாணி போட்டார்கள். பிறகு பல மாதங்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, மென்மையான களிமண் உருண்டையைப் பிசைந்தார். முதல் நாள் அதில் விரல் தடம்கூடப் பதியவில்லை. சென்ற கோடையில் ஒரு படம் அனுப்பினார். வாடகைக் கடை வாசலில் ஒரு சைக்கிள், இடது லீவரில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. "கடைக்காரரிடம் கேட்டு நானே ஒட்டினேன் அக்கா. நாலு இறக்கம்தான், மூன்று மணிக்கு முடித்துவிடுவேன்" என்று எழுதியிருந்தார்.