தார்க்குச்சி

வண்டிமாட்டை முடுக்கும் ஆணிக்கம்பு. நெல்லைப் பக்கம் தார்க்குச்சி, தார்க்கம்பு இரண்டும் வழங்கும். ரோடு போடும் தாருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மூலச்சொல் தாறு; முள் வைத்த கோல், அங்குசம் என்று பொருள். வாழைத்தாறு பேச்சில் வாழைத்தார் ஆனது போல இங்கும் றகரம் ரகரமாயிற்று. ஏட்டு வழக்கில் தாற்றுக்கோல், முட்கோல்.

கம்பு நுனியில் ஆணியை இறக்கி, கொண்டையை நறுக்கி, அரத்தால் ராவி, நெல்மணி நீளம் வெளியே விட்டிருப்பார்கள். பார்த்தால் அற்பம். ஆனால் வண்டியில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டுவது மாட்டின் வாலடியும் பிட்டமும்தான். ஆகவே குத்திய இடத்திலேயே மறுபடி குத்து விழும். துளை மேலே மூடி உள்ளே சீழ் கட்டும். திறந்து கிடந்தால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். சாட்டையடி தடித்துக் காட்டிக்கொடுக்கும்; இதை மயிரை விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965 விதிகள் முள் பொருத்திய கோலை அடியோடு தடுக்கின்றன. நாளுக்கு 9 மணி நேரம், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரம். இதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை வண்டியே பூட்டக் கூடாது. பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலுக்கு இது அளந்து எழுதினாற்போல் இருக்கிறது.

தண்டனைதான் சிரிப்பு. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். கஞ்சி, தண்ணி காட்டாமல் கட்டிப் போடுவதும் இதே பிரிவு, இதே தொகை. 2022-இல் தண்டனையைக் கூட்டித் திருத்த வரைவு வந்தது, வரைவாகவே கிடக்கிறது. மாட்டை ஊனமாக்கினாலோ கொன்றாலோ மட்டும் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை.

புகாரில் 'கம்பால் அடித்தார்' என்றால் ஆணி காணாமல் போய்விடும். தார்க்குச்சி என்று மட்டும் எழுதினால் வெளியூர் அதிகாரிக்கு விளங்காது. 'முள் பொருத்திய கோல் (தார்க்குச்சி)' என்று எழுதுங்கள். புண்ணருகே தீக்குச்சி ஒன்றை வைத்துப் படமெடுத்தால் அளவு தெரியும். கால்நடை மருத்துவரிடம் காயச் சான்று வாங்குங்கள். 1960 சட்டப்படி வழக்கென்றால் சம்பவ நாளிலிருந்து 3 மாதம்தான் கெடு.