பிள்ளையைப் போலீஸ் பிடித்துப் போனால்: பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை

18 வயது நிரம்பாத பிள்ளையைத் திருட்டு, அடிதடி என்று போலீஸ் பிடித்தால் அவர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது: 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன்படி பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கு அனுப்பக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு நீதித்துறை நடுவரும், இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்.

செய்தி கேட்டதும் பலர் பதறிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். ஓடும்போது பள்ளிச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறான் என்பதை வயதுதான் முடிவு செய்கிறது. பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. கணக்கில் வருவது சம்பவம் நடந்த அன்றைய வயது. வழக்கு முடிந்த பிறகு கூட 'அப்போது நான் சிறுவன்' என்று நீதிமன்றத்தில் கோரலாம்.

அடுத்தது கையெழுத்து. எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்கக் கூடாது என்று விதி சொல்கிறது. மிரட்டலுக்குப் பயந்து போட்டுவிடாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள், இலவசமாக ஆள் தருவார்கள்.

ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும் பிள்ளைக்கு ஜாமீன் தருவதே பொது வழி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், பிள்ளைக்கே ஆபத்து வரும், அல்லது நீதி கெடும் என்று கருதக் காரணம் இருந்தால் மட்டும் மறுக்கலாம். அப்போதும் போக வேண்டியது சிறைக்கு அல்ல, கூர்நோக்கு இல்லத்துக்கோ (விசாரணைக் காலத்தில் பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லம்) பாதுகாப்பு இடத்துக்கோதான்.

கொடுங்குற்றம் (சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை உள்ள குற்றம்) என்றால் 16 வயது நிரம்பியவர்களின் நிலை வேறு. குழுமம் முதலில் பிள்ளையின் மன, உடல் திறனையும் விளைவைப் புரிந்துகொள்ளும் திறனையும் மதிப்பிட்டு, தேவையென்றால் பெரியவரைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கேயும் தூக்குத் தண்டனை கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

பிடிபட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வெளியிடுவது குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊர்க் குழுவில் படம் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.