கையில் பிடிக்கும் கம்பி எலக்ட்ரானை அளக்குமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, மண்டபம் ஆகிய ஊர்கள் பக்கமெல்லாம் கல்யாண மண்டபத்தில் 'குவாண்டம் முழு உடல் பரிசோதனை' என்று முகாம் போடுகிறார்கள். உலோகக் கம்பி ஒன்றை ஒரு நிமிடம் பிடித்திருந்தால் போதும், கல்லீரல், கணையம், எலும்பு என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வந்துவிடும். உடம்பிலுள்ள எலக்ட்ரான்களின் காந்தத்தைக் கருவி படிக்கிறது என்று விளக்கம் வேறு. மெல்லிய காந்தப்புலத்தை அளப்பதுதான் என் வேலை என்பதால், சொந்தக்காரர்கள் அந்த ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது நெசமா?" என்று கேட்கிறார்கள்.

எலக்ட்ரான் காந்தம் என்பது நிஜம்தான். ஸ்பின் என்ற பண்பால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஆனால் ஒரு மைக்ரோமீட்டர் தள்ளிப் போனாலே அதன் புலம் சுமார் 2 பிக்கோடெஸ்லாதான் (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு; பிக்கோ என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு, மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நம் கடற்கரையில் பூமியின் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா அளவில் இருக்கிறது. அதில் 2 கோடியில் ஒரு பங்கு. தூரம் 10 மடங்கானால் புலம் 1000 மடங்கு குறையும். போதாததற்கு, உடம்பில் பெரும்பாலான எலக்ட்ரான்கள் இணை இணையாக இருந்து ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. தனியாக நிற்பவையும் உடல் சூட்டில் தாறுமாறாகத் திரும்பிக்கொண்டிருக்கும். பூமியின் புலத்தில் ஒரு பக்கம் சாய்ந்து மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு கோடிக்கு ஒன்று.

இதை அளக்கவே முடியாதா? முடியும். அதற்குத்தான் ஸ்க்விட் (SQUID) என்ற மிக நுட்பமான காந்தப்புல அளவி இருக்கிறது. மீகடத்தி, அதாவது கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருளில் ஒரு வளையம், அதில் இரண்டு மெல்லிய இணைப்புகள். வளையத்துக்குள் புகும் காந்தப்புலத்தின் மொத்த அளவு துளி மாறினாலும் மின்னழுத்தம் மாறும். 1964இல் அமெரிக்காவில் ஃபோர்டு ஆய்வகத்தில் வந்த கருவி இது. நயோபியம் என்ற உலோகத்தில் செய்ததை திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் வைப்போம். சில எலக்ட்ரான்களை மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் வளையத்தையே சுருக்கியாக வேண்டும். 2013இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தினர் குவார்ட்ஸ் ஊசிமுனையில் ஈயம் பூசி 46 நானோமீட்டர் விட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒற்றை எலக்ட்ரானின் ஸ்பின்னைக் காணும் நுண்மை அதற்கு உண்டு. அதுவும் குளிரில், பொருளுக்கு நானோமீட்டர் கணக்கில் நெருங்கிப் போனால்தான். அந்த இடத்தில் உங்கள் கணையத்தை வைக்க முடியாது.

எங்கள் ஆய்வகத்தில் சாவிக்கொத்தோடு ஒருவர் உள்ளே வந்தாலே அளவீடு துள்ளும், பக்கத்து லிஃப்ட் ஏறினால் அன்றைய வேலை போச்சு. ஃபேனும் ஸ்பீக்கரும் செல்போனும் இருக்கிற மண்டபத்தில் எலக்ட்ரான் எண்ணுகிறார்களாம்!

அப்போ கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் இதயத்தையும் மூளையையும் ஸ்க்விட்டால் பார்க்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். பார்க்கிறார்கள். அது காந்தத்தடுப்பு அறைக்குள், உறுப்பின் மின்னோட்டம் உண்டாக்கும் புலம். எலக்ட்ரான் ஸ்பின் அல்ல. எம்ஆர்ஐ ஸ்கேன் படிப்பது ஹைட்ரஜன் அணுக்கருவின் ஸ்பின்னை, அதுவும் எண்ணற்ற கோடி அணுக்கருக்களைச் சேர்த்து, பெரிய காந்தத்துக்குள் ஆளைப் படுக்க வைத்து.

காசு போனால் போகட்டும் என்று விடலாம். கடல்பாசி எடுக்கப் போகும் உறவுக்காரப் பெண் ஒருவர், ரிப்போர்ட்டில் 'கணையம் இயல்பு' என்று பார்த்துவிட்டு, சர்க்கரை நோய் இல்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்தியிருந்தார். கடலடிப் பாறைத் திட்டான பாரில் கால் கீறாமல் யாரும் பாசி எடுப்பதில்லை. சர்க்கரை ஏறிய உடம்பில் அந்தக் கீறல் ஆறாமல் சீழ் பிடித்தால் காலுக்கே ஆபத்து.

உங்கள் ஊரில் முகாம் போட்டால் ஒரே ஆளை அரைமணி இடைவெளியில் இரண்டு தடவை பிடிக்கச் சொல்லி, இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்விப்பு எங்கே, தடுப்பு அறை எங்கே என்று கேளுங்கள். சர்க்கரை தெரிய வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்ப்பார்கள்; மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ அந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.