ஒரு ஸ்வெட்டரைப் பிரித்தால்

தைத்த சட்டையைப் பிரித்தால் துணித் துண்டுகள்தான் மிஞ்சும். அந்தத் துண்டிலிருந்து நூலை உருவினால் ஒரு முழத்துக்கு மேல் வராது. பின்னிய ஸ்வெட்டர் அப்படியல்ல. சரியான முனை கையில் சிக்கிவிட்டால் வரிசை வரிசையாகக் கழன்று, முழு நூலாகத் திரும்ப வந்துவிடும். 400 கிராம் எடையுள்ள ஸ்வெட்டர் ஒன்றில், கடையில் விற்கிற 50 கிராம் உருண்டைகள் எட்டு இருக்கின்றன. பழைய துணி விற்கும் நடைபாதைக் கடையில் அந்த ஸ்வெட்டருக்குக் கொடுக்கிற காசுக்குப் புதிய கம்பளி நூல் ஓரிரண்டு உருண்டை கிடைத்தால் அதிகம். சிக்கனமாகக் கைவேலை செய்கிறவர்கள் பழைய ஸ்வெட்டரை உடுப்பாகப் பார்க்காமல் நூல் இருப்பாகப் பார்ப்பது இதனால்தான்.

பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு நூல் கண்ணியாக வளைகிறது. அந்தக் கண்ணிக்குள் மேல் வரிசைக் கண்ணி நுழைகிறது, அதற்குள் அதற்கு மேல் வரிசை. ஒவ்வொரு கண்ணியையும் கழலாமல் பிடித்து வைத்திருப்பது அதற்குள் நுழைந்திருக்கும் அடுத்த கண்ணி மட்டும்தான். கடைசி வரிசைக்கு அடுத்த கண்ணி இல்லை. அதனால் அதை மட்டும் தனியாகப் பூட்டி முடிக்கிறார்கள். அந்தப் பூட்டை அவிழ்த்தால் போதும், மொத்தமும் அவிழும். எனவே கடைசியாகப் பின்னிய பக்கத்தைத் தேட வேண்டும். பெரும்பாலான ஸ்வெட்டர்களில் அது தோளும் கழுத்தும் சேரும் மேற்பக்கம்.

அப்படியானால் அது தானாகவே ஏன் அவிழ்ந்துவிடுவதில்லை? நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள உராய்வு ஒரு காரணம். வளைத்து வைத்த நூல் நிமிரப் பார்ப்பதும், பக்கத்துக் கண்ணி அதை நிமிர விடாமல் தடுப்பதும் இன்னொன்று. இந்த இழுபறிதான் பின்னல் துணியின் நெகிழ்வுக்கும் மூலம். நூல் ஏறக்குறைய நீள்வதே இல்லை. கண்ணியின் வடிவம்தான் மாறுகிறது. பாரிஸ் நகரில் சாமுவேல் புவான்க்ளூவும் சக இயற்பியலாளர்களும் நைலான் இழையில் பின்னிய துணியை இழுத்துப் பார்த்து, நூலின் நீளம் மாறாது, அது வளைய மட்டும் செய்யும் என்ற அடிப்படையிலேயே துணியின் நெகிழ்வைக் கணக்கிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். இதன் தொடர்ச்சியாக 2024-ல் வந்த ஆய்வு சொல்வது இன்னும் சுவையானது: உராய்வு இருப்பதால் பின்னல் துணிக்கு ஒரே ஓர் இயல்பு வடிவம் என்று கிடையாது, அது பல வடிவங்களில் நின்றுவிடக்கூடும். முழங்கைப் பக்கம் தொங்கிப்போன ஸ்வெட்டரில் நூல் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. கண்ணிகள் வேறொரு நிலையில் போய் நின்றுகொண்டிருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே தொங்கல் விழுந்ததை விலை குறைத்துக் கேட்டு வாங்கலாம். நமக்குத் தேவை நூல்.

நூலுக்குள் போனாலும் கதாநாயகன் உராய்வுதான். சில சென்டிமீட்டர் நீளமே உள்ள பஞ்சு இழைகளைக் கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நூல் நூற்பது எப்படிச் சாத்தியம்? இந்தக் கேள்வியைக் கலிலியோவே 1638-ல் வெளியான தன் கடைசிப் புத்தகத்தில் கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று முழ நார்கள் நூறு முழக் கயிறாகி அவ்வளவு விசையைத் தாங்குவது ஏன் என்பது அவர் கேள்வி. விடை முறுக்கில் இருக்கிறது. ஒரு விரல் நீளத்துக்குப் பஞ்சை எடுத்து இழுத்துப் பாருங்கள், சத்தமில்லாமல் பிரிந்துவிடும். அதே பஞ்சை விரல்களுக்கிடையில் உருட்டி முறுக்கிவிட்டு இழுத்தால் விரல்தான் வலிக்கும். முறுக்கிய நூலை இழுக்க இழுக்க, சுற்றியிருக்கும் இழைகள் உள்ளே இருப்பவற்றை இன்னும் இறுக்குகின்றன. அதிகமாக இழுத்தால் அதிகமான பிடி.

இந்தப் பிடி எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்குத் துறைமுகத் தூணில் சுற்றிய கப்பல் கயிற்றுக்கான பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், தூணில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிறு நம் கைவிசையைப் போல ஏறக்குறைய 6.6 மடங்கைத் தாங்கும். மூன்று சுற்றுக்கு அது 285 மடங்கு. கூட்டல் இல்லை, பெருக்கல். நூல் விஷயத்தில் இதைத் துல்லியமாகக் கணக்கிட்டவர்கள் பேட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டைன் மூவரும். இவர்களுடைய ஆய்வும் 2018-ல்தான் வந்தது. உராய்வு ஓர் எல்லையைத் தாண்டும்வரை இழைகள் வழுக்கிக் கழன்றுவிடும். தாண்டியதும் குட்டை இழைகளே எவ்வளவு இழுவிசையையும் கடத்தத் தொடங்கும் என்று காட்டினார்கள். கலிலியோவின் கேள்விக்குச் சரியான கணித விடை வர ஏறத்தாழ 380 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இழை நீளமாக இருந்தால் பிடிக்க இடம் அதிகம். பழைய கம்பளியை மறுபடி பயன்படுத்தும் இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. ஹரியானாவின் பானிபட்டில் வெளிநாடுகளிலிருந்து வந்திறங்கும் பழைய கம்பளித் துணிகளை நிறம்வாரியாகப் பிரித்து, கிழித்து, பஞ்சாக்கி, மறுபடி நூற்றுப் போர்வை நெய்கிறார்கள். நிறம் பிரித்துவிடுவதால் சாயச் செலவு மிச்சம். இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா 1813 வாக்கில் தொடங்கிவைத்த ‘ஷாடி’ முறை இது. கிழிக்கும்போது இழைகள் அறுந்து குட்டையாகிவிடுவதால் அந்த நூலுக்குப் பலம் குறைவு. புதுக் கம்பளியோ செயற்கை இழையோ கலக்க வேண்டியிருக்கும். கையால் பிரித்தெடுத்த நூலில் இழைகள் அப்படி அறுவதில்லை. நேரம்தான் செலவு. அந்த நேரத்துக்கு யாரும் கூலி தரமாட்டார்கள் என்பதால்தான் இது ஆலை வேலையாகாமல் வீட்டு வேலையாகவே நிற்கிறது.

வாங்கும் முன் ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலைப் பாருங்கள். விளிம்பை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். அகலத் துணியாகப் பின்னி, கத்தரித்துத் தைத்தது அது. ஒவ்வொரு வரிசையிலும் நூல் அறுந்திருக்கும். இழுத்தால் வரிசைக்கு ஒன்றாகத் துண்டு துண்டாக வரும். நல்ல ஸ்வெட்டரில் விளிம்புகள் வெட்டுப்படாமல் இருக்கும். இரண்டு ஓரமும் ஒரு சங்கிலித் தையலால் சேர்ந்திருக்கும், அந்தத் தையலின் ஒரு முனையை அறுத்து இழுத்தால் மொத்தத் தையலும் சரசரவென்று கழன்று வரும். அரிசி மூட்டையில் சரியான நூலைப் பிடித்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும்.

அடுத்து, அது என்ன நூல்? லேபிள் இல்லாத பழைய துணிக்குத் தீ ஒரு நல்ல லேபிள். ஓரங்குல நூலை இடுக்கியில் பிடித்து, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை விலக்கினால் அணைந்துவிடும், முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கரும்புகையோடு எரிந்து, கெட்டியான கறுப்பு மணியாக உறையும். அந்தப் புகை நச்சு, முகர்ந்து பார்க்கக் கூடாது. ஃபேன்ஸி ஸ்டோரில் உல்லன் நூல் என்று கேட்டு வாங்குவதில் பெரும்பகுதி இந்த அக்ரிலிக்தான். நெருப்பு வேண்டாம் என்றால் சிறிது பிளீச்சிங் திரவத்தில் நூலைப் போட்டுவிடுங்கள். கம்பளி குமிழி விட்டுக் கரைந்து காணாமல் போகும். பருத்தியும் அக்ரிலிக்கும் அப்படியே கிடக்கும்.

பிரித்த நூலைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நூடுல்ஸ் பாக்கெட்டை உடைத்ததுபோல நெளிநெளியாக நிற்கும். அதை அப்படியே பின்னினால் கண்ணிகள் மேடுபள்ளமாக விழும். நெளிவை எடுப்பது எப்படி என்பதை நூலின் வேதியியல் முடிவுசெய்கிறது.

கம்பளி, நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். அதன் நீண்ட மூலக்கூறுகளை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. கந்தகப் பிணைப்பு வலுவானது, சாதாரணத் தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது, எண்ணிக்கையில் மிக அதிகம், தண்ணீர் பட்டால் விட்டுவிடும். காய்ந்ததும் அந்த நேரத்தில் இழை எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் முடி அலையலையாக இருப்பதற்கும், இஸ்திரி போட்ட முடி மழைச்சாரலில் பழையபடி ஆகிவிடுவதற்கும் இதுதான் காரணம். ஆகவே பிரித்த கம்பளியை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் பருத்தி நூலால் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி எடுத்துத் தொங்கவிட்டால் போதும். சிட்டத்தின் ஈர எடையே நெளிவை எடுத்துவிடும். கீழே கனமாக எதையும் கட்டித் தொங்கவிடாதீர்கள். இழுபட்டுக் காய்ந்த நூல், பின்னி முடித்துத் துவைத்தவுடன் சுருங்கி அளவைக் கெடுத்துவிடும்.

அக்ரிலிக் தண்ணீருக்கு மசியாது. அது பிளாஸ்டிக், அதன் மூலக்கூறுகள் நகர வெப்பம் வேண்டும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே இறுகிக் கிடப்பவை, மேலே போனால் இளகும். ஈரம் இருந்தால் அந்த எல்லை கீழிறங்கும் என்பதால் நீராவிக்கு மசிகிறது. பானையிலிருந்து வரும் ஆவியைச் சிட்டத்தின்மேல் சற்றுத் தள்ளிக் காட்டினால் நெளிவு கண்முன்னே நிமிரும். ஆசைப்பட்டு இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து அழுத்தினால் நூல் துவண்டு, பளபளத்து, நிரந்தரமாகச் செத்துவிடும். கழுத்துத் துண்டு பின்ன அந்தத் துவளலையே விரும்புகிறவர்களும் உண்டு. தொப்பிக்கு அது ஆகாது.

யாரோ தெரியாமல் வாஷிங் மெஷினில் போட்டுச் சுருக்கிய கம்பளி ஸ்வெட்டர் கிடைத்தால் அதைப் பிரிக்க முயலாதீர்கள். கம்பளி இழையின் மேல் ஒரே திசை நோக்கிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் அலசலும் சேரும்போது இழைகள் ஒரு திசையில் நகரும், திரும்பி வர முடியாமல் செதில்கள் மாட்டிக்கொள்ளும். அலசிய ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். பாதிச் சட்டை அளவுக்குச் சுருங்கி, தடித்த கம்பளமாகிவிட்ட அதைக் கத்தரிக்கோலால் எந்தப் பக்கம் வெட்டினாலும் ஓரம் பிரியாது. சூடான பாத்திரம் வைக்கும் அட்டை, கண்ணாடி உறை, ஊசி குத்தி வைக்கும் திண்டு எல்லாவற்றுக்கும் அருமையான துணி.

நம் ஊரில் கம்பளி ஸ்வெட்டரைவிட எளிதில் கிடைப்பது பனியன் துணி. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் கழிந்த டி-ஷர்ட்டுகள் மலிவாகக் கிடைக்கும். வீட்டில் பழையது எப்படியும் இருக்கும். இதுவும் பின்னல்தான், பிரிக்கலாமே என்றால் கணக்கு இடிக்கும். டி-ஷர்ட்டுக்கு ஆகும் 30 கவுண்ட் நூல் (கவுண்ட் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு) ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 50 மீட்டர் வரும். 150 கிராம் டி-ஷர்ட்டில் சுமார் ஏழரைக் கிலோமீட்டர் நூல். அதோடு, வட்டப் பின்னல் இயந்திரத்தில் பல கோன்களிலிருந்து பல நூல்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. அடுத்தடுத்த வரிசைகள் வேறு வேறு நூல். இவ்வளவு மெல்லிய அவற்றைப் பிரித்தெடுப்பதற்குள் ஆயுள் முடியும்.

எனவே நூலை விட்டுவிட்டு நாடாவாக வெட்டுகிறார்கள். பக்கத் தையல் இல்லாத டி-ஷர்ட் என்றால் அது ஒரு குழாய். அக்குளுக்குக் கீழே 40 செ.மீ. உயரத்தில், ஒரு மீட்டர் சுற்றளவில், 2.5 செ.மீ. அகலத்துக்குச் சுருளாக வெட்டிக்கொண்டே போனால் 16 மீட்டர் தொடர் நாடா கிடைக்கும். குறுக்கே வெட்டுவது முக்கியம். பனியன் துணி நெடுக்கைவிட அகலவாக்கில் ஏறத்தாழ இரு மடங்கு நீளும். நெடுக்கே வெட்டினால் ஒவ்வொரு வரிசை நூலும் அறுபட்டு ஓரமெல்லாம் துணுக்காக உதிரும்.

வெட்டிய நாடாவை இரு கையிலும் பிடித்துச் சற்று இழுங்கள். தட்டையாக இருந்தது சட்டென்று உருண்டு கயிறாகும். பசை, தையல் எதுவும் இல்லை. பனியன் துணியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இல்லை. கண்ணியின் கால்கள் முன்பக்கம் தெரியும், வளைவுகள் பின்பக்கம் போய்விடும். அதனால் நூல் நிமிரப் பார்க்கும் விசை இரு பக்கமும் சமமாக இல்லை. துணியின் நடுவில் பக்கத்துக் கண்ணிகள் அதை அடக்கி வைக்கின்றன. வெட்டிய விளிம்பில் அடக்க ஆளில்லை. குறுக்கே வெட்டிய விளிம்பு எப்போதும் முன்பக்கம் நோக்கியே சுருளும். அதனால்தான் பூப்போட்ட டி-ஷர்ட்டை வெட்டினால் பூவெல்லாம் கயிற்றுக்குள் மறைந்து, வெளுத்த உள்பக்கம் வெளியே தெரிகிறது. கூடை பின்னவோ மிதியடி பின்னவோ அச்சடித்ததைவிட நூலிலேயே சாயம் ஏறிய ஒற்றை நிறச் சட்டையைத் தேடுவது புத்திசாலித்தனம்.

கழுத்துப் பட்டையை மட்டும் இந்த வேலைக்குச் சேர்க்காதீர்கள். அது ரிப் பின்னல், ஒரு கண்ணி முன்பார்த்து, அடுத்தது பின்பார்த்து நிற்கும். இரண்டின் இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். எவ்வளவு இழுத்தாலும் உருளாது. தனியே வெட்டி வைத்தால் தலைக்குக் கட்டும் பட்டையாகவோ, சிட்டங்களைக் கட்டி வைக்கவோ ஆகும்.