ஆம்ப்ளிஃபயர் வாங்கியாச்சு, எர்த்தைப் பார்த்தீர்களா?

ஐப்பசி பிறந்துவிட்டால் என் பட்டறை மேஜையில் கை வைக்க இடம் இருக்காது. மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஆம்ப்ளிஃபயர்கள் வந்து சேரும். சொல்வது ஒன்றுதான்: "இடி இடிச்சுதுங்க, அதோட சரி."

போன மழைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஹோம் தியேட்டர் ரிசீவரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். மூடியைக் கழற்றினேன். பவர் சப்ளையில் ஃபியூஸ்கூடப் போகவில்லை. எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த சிப்பின் நடுவில் மட்டும் கடுகளவு ஓட்டை, சுற்றிலும் கரி. "ஸ்பைக் பஸ்டர் போட்டிருந்தேனே தம்பி" என்றார். திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் (ஸ்பைக்) தடுக்கும் பிளக் போர்டுதான் அது. போட்டிருந்தார்தான். ஆனால் இடி வந்த வழி வேறு. மாடியில் இருக்கும் டிஷ் கேபிளில் இறங்கி, செட்டாப் பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐ வயரைப் பிடித்து உள்ளே போயிருக்கிறது.

நல்ல ஸ்பைக் பஸ்டருக்குள் வேரிஸ்டர் என்று பொத்தான் அளவில் ஒரு வில்லை இருக்கும். நம் 230 வோல்ட் லைனுக்குப் பெரும்பாலும் 275 வோல்ட் வேரிஸ்டர் போடுவார்கள். மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது அது வழிவிட்டு, அந்த வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும், ஒருநாள் செத்துப்போகும். அது செத்த பிறகும் பிளக்கில் கரண்ட் வந்துகொண்டே இருக்கும் என்பதால் நமக்குத் தெரியாது. பாதுகாப்பு இருக்கிறதா என்று காட்டத் தனி விளக்கு உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். மலிவு விலையில் விற்கும் பலவற்றைப் பிரித்தால் சுவிட்சும் ஃபியூஸும்தான் இருக்கின்றன.

வாங்கிய அடியை வேரிஸ்டர் முழுதாக இறக்கிவைக்க நல்ல எர்த் வேண்டும். நம் பக்கம் நான் அதிகம் பார்க்கும் கோளாறே இதுதான். களிமண் பூமி சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் குழாயை விட்டு மண் விலகி நிற்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புமண் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அரித்துத் தின்றுவிடும். வெறும் மல்டிமீட்டரை நம்பாதீர்கள். மெல்லிய தொடர்பு இருந்தாலே அது 230 காட்டிவிடும். வயர்மேனை அழைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை. (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள வீட்டில் அது ட்ரிப் ஆகிவிடும். அங்கே எர்த் டெஸ்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும்.)

இடியைவிட எனக்குப் பயம் தருவது நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) அறுவது. காற்றடித்துப் போஸ்ட்டில் நியூட்ரல் போனால், வீட்டுக்கு 230க்குப் பதில் 350, ஏன் 400 வோல்ட்கூட வரலாம். ஸ்பைக் என்பது மைக்ரோ விநாடி சமாச்சாரம். இது நிமிடக்கணக்கில் நிற்கும். வேரிஸ்டர் வெடித்துக் கருகிவிடும். இதற்கு ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலேதான் மருந்து. 270ஐ ஒட்டி லைனைத் துண்டித்து, சீரான பிறகு சற்றுப் பொறுத்து இணைக்கும். வீட்டு லைன்கள் பிரியும் டி.பி. பாக்ஸில் இதையும், ஸ்பைக்கை எர்த்துக்குத் திருப்பிவிடும் டைப் 2 எஸ்பிடியையும் சேர்த்து வைத்துவிடுங்கள். எஸ்பிடிக்குப் போகும் வயர், எர்த் வயரையும் சேர்த்து, அரை மீட்டருக்குள் இருக்கட்டும். நீண்டால் பலன் குறையும்.

ஸ்டெபிலைசர்? மோட்டார் ஓடும் நேரத்தில் 180க்கு இறங்கும் ஊரில், இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ஆம்ப்ளிஃபயருக்கு அவசியம். பின்பக்கம் 100–240 என்று (அதற்குள் எந்த வோல்ட்டிலும் ஓடும் என்று பொருள்) அச்சிட்டிருந்தால் அந்தக் காசை எர்த் குழிக்குச் செலவழியுங்கள். ஸ்டெபிலைசரின் ரிலே அசைவதற்குள் ஸ்பைக் வந்து போய்விடும்.

கரண்டைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லி விற்கும் பவர் கண்டிஷனரில், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் ரகத்தை இங்கே சொருகவே சொருகாதீர்கள். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கண்டிஷனர் ஒலியை மாற்றும் என்பதை நான் கேட்டு உணர்ந்ததில்லை. ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைந்தால், எல்லா சாதனங்களையும் ஒரே போர்டில் சொருகிப் பாருங்கள்; பாதிக்குமேல் அடங்கிவிடும். இரைச்சல் போக எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். உயிர் போகும் விஷயம்.

ஆசிரியர் வீட்டில் டிஷ் கேபிளை டிவி ஸ்டாண்டிலேயே திருகிக் கழற்றும்படி வைத்துக் கொடுத்தேன். இடி தலைக்குமேல் வந்தபின் தொடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். வானம் கறுக்கத் தொடங்கும்போதே முதலில் கேபிளைக் கழற்றுகிறார், அப்புறம் பிளக்கை.